தேடினால் பெயர் மட்டும் வரும்

தம்பின் ஊர்ப் பாசாரில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மீன் வாங்கும் ஒரே பெண் அக்காதான். முகம் முழுவதையும் மூடும் கறுப்பு ஹெல்மெட். முன்கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, அந்த இடுக்கு வழியாகவே மீனின் செவுளைப் பார்ப்பார், விலை கேட்பார், பேரம் பேசுவார். மீன்காரர்களுக்கு அது பழகிப்போன வேடிக்கை. “என்னக்கா, மீனு கடிச்சிடும்னு பயமா?” என்பார்கள். “ஒன் வாய் நாத்தம் தாங்கலடா” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பதில் வரும். மோட்டார் சைக்கிளை ஓட்டுவது நான். பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கு, வண்டியை நிறுத்திப் பூட்டிய பிறகும் அந்தப் பாரம் எதற்கு என்று முதல் சில வாரங்கள் எனக்குப் புரியவில்லை.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி, சிங்கப்பூரில் கட்டட வேலை, ஜொகூரில் கார் கழுவும் கடை என்று எந்த இடத்திலும் காலூன்றாமல் திரிந்தேன். ஒருமுறை காய்ச்சலோடு லோரியிலிருந்து இறங்கி, தம்பின் செம்பனை ஆலை வாசலில் அக்கா நடத்திவந்த சாப்பாட்டுக் கடையின் பெஞ்சில் விழுந்தேன். எழுந்த பிறகு போக இடமில்லை. அங்கேயே பாத்திரம் கழுவினேன். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, நாங்கள் இருவரும் கோலா பிலா பக்கத்தில் ஒரே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள் என்று. நான் சின்ன வயதிலேயே அங்கிருந்து கிளம்பிவிட்டதால் அவரை அறிந்திருக்கவில்லை.

அவருடைய இடது முழங்கை முழுதாக மடங்காது. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொன்னார். “வீட்டுக்காரரு ஒடச்சது. ரெண்டு தடவ. ரெண்டாவது தடவ ஒழுங்கா ஒட்டல.” போலீஸில் புகார் செய்திருக்கிறார். உள்ளே போனவன் வெளியே வந்து, எங்கே போனாலும் கண்டுபிடித்து முடித்துவிடுவேன் என்று லயத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருக்கிறான். அன்று ஓடத் தொடங்கியவர் அக்கா. ஓர் ஊரில் யாராவது அவரைக் கொஞ்சம் அதிகமாக விசாரித்தால் அடுத்த ஊர். அவன் ஜொகூரில் லோரி ஓட்டினான். அதனால் ஜொகூர் எண் போட்ட லோரி கடை முன்னால் நின்றால், கரண்டியை என் கையில் திணித்துவிட்டுப் பின்பக்கம் போய்விடுவார். அப்படிச் சில நாள் குழம்பு அடிப்பிடித்து, ஆலைக்காரர்களிடம் நான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இவ்வளவு ஒளிந்து வாழ்ந்தவர், ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தன் பெயரையும் ஊரையும் ஒலிபெருக்கியில் சொல்ல விட்டார். எங்கள் தோட்டத்தை விற்று லயங்களை இடித்த பிறகும் அம்மன் கோயில் மட்டும் செம்பனைகளுக்கு நடுவே நிற்கிறது. சிதறிப்போனவர்கள் திருவிழாவுக்கு அன்னதான உபயம் கொடுப்பார்கள். கொடுப்பவரின் பெயர், தகப்பன் பெயர், இப்போது குடியிருக்கும் ஊர் மூன்றையும் அம்மன் முன்னால் வாசிப்பார்கள். லயம் போன பிறகு வந்த பழக்கம் அது. பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே அம்மன் அங்கே வந்து காக்க முடியும்? அக்கா அரிசி மூட்டையை மாநிலம் முழுவதும் கடைகளுக்கு அரிசி போடும் பாய் ஒருவரின் வேனில் அனுப்புவார். கூட ஒரு துண்டுச் சீட்டு. அதில் பொய்யான ஊர் எழுத அவருக்கு மனம் வராது. புருஷனுக்குத்தான் கோயில் பக்கமே வரும் வழக்கம் இல்லையே என்பது அவர் தைரியம். அந்த விவரம் நோட்டீஸிலும் அச்சாகும். திருவிழா முடிந்ததும் அந்த நோட்டீஸில் வடை மடிப்பார்கள். அத்தோடு சரி.

பிறகு நான் அக்காவை விட்டும் கிளம்பிவிட்டேன். சிரம்பானில் போன் பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்து, வீடியோ பார்த்துப் பார்த்து இணையதள வேலையும் ஓரளவு கற்றுக்கொண்டேன். கோயில் கமிட்டித் தலைவர் அதைக் கேள்விப்பட்டு என்னைப் பிடித்தார். கோயிலுக்கு ஓர் இணையதளம் இருந்தது. பழைய நோட்டீஸ்கள் எல்லாவற்றையும் யாரோ ஸ்கேன் செய்து அதில் குவித்திருந்தார்கள். எழுத்துகளின் படம்தான் அது, எழுத்து அல்ல. ஒன்றைத் தேட வேண்டுமென்றால் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து கண் வலிக்கப் படிக்க வேண்டும். “பேரு போட்டா டக்குனு வரணும் தம்பி. அவங்கவங்க தாத்தா பேரப் பாத்து சந்தோஷப்படட்டும்லா” என்றார் தலைவர். திருவிழா அன்று திறந்துவைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

படத்திலுள்ள எழுத்தை மென்பொருளைக் கொண்டு படிக்க வைத்தேன். அது உளறிய இடங்களைக் கையால் திருத்தினேன். எந்தச் சொல் எந்தக் கோப்பில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துவைக்கும் பகுதியையும் சேர்த்தேன். எனக்கே என் மேல் கொஞ்சம் மதிப்பு வந்த வேலை அது. சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, எனக்குத் தெரிந்த பெயர்களைத் தட்டினேன். என் அப்பா வந்தார். அடுத்ததாக, வேறெதையும் யோசிக்காமல், அக்காவின் பெயரைத் தட்டினேன்.

வரிசையாக வந்தது. ஆண்டுவாரியாக நானே அடுக்கியிருந்தேன். பெயர், தகப்பன் பெயர், ஊர். அடுத்த ஆண்டு அதே பெயர், வேறு ஊர். கடைசியில் தம்பின், தம்பின், பெடாஸ். அவர் ஓடி ஓடி ஒளிந்த வழி முழுவதும் மேலிருந்து கீழாக என் திரையில் நின்றது. தனித்தனி நோட்டீஸாக இருந்தவரை அதில் ஒன்றும் இல்லை. மடிக்கணினியை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

அந்த வாரமே தோட்டத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் புருஷனிடமிருந்து எனக்குக் குரல்செய்தி வந்தது. அதுவரை குழுவில் வாய் திறக்காதவன். “தம்பி, நல்லா இருக்கியா? தேடுற வேல நீதான் செய்யிறியாமே? எப்பய்யா முடியும்? பழசெல்லாம் பாக்கணும்லா.” இனிமையான குரல். “செய்றேன்ணே” என்று மட்டும் பதில் எழுதினேன். அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். ஆனால் இப்போது போனிடம் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

மறுநாளே, அக்கா இப்போது கடை போட்டிருந்த பெடாஸுக்குப் போனேன். கடை சிறியதாகியிருந்தது. அக்கா இளைத்திருந்தார். தேடும் பகுதி என்ன செய்யும் என்பதைப் போனில் காட்டினேன். திரையை மேலே தள்ளி ஊர் ஊராகப் பார்த்தார்.

“இத்தன எடத்துலயா இருந்தேன்?” என்றார்.

“இந்த நோட்டீஸெல்லாம் ரொம்ப நாளா அங்கேயே கெடக்குதுக்கா. அவரு பாத்திருந்தா?”

“அந்த ஆளாவது, ஒக்காந்து அம்புட்டுப் பக்கம் படிக்கிறதாவது. ஆனா இது பேரச் சொன்னா ஊர காட்டுது.” கரண்டியை வைத்துவிட்டு, ஈரக் கையை நெடுநேரம் துடைத்தார்.

“உங்க பேரையே எடுத்திடுறேன்கா. யாருக்கும் தெரியாது.”

“வேணாம். குடுத்தது நானு. நான்தான் ஒளிஞ்சுக்கிட்டேன்ல, என் பேரு ஏன்டா ஒளியணும்? ஊர மட்டும் எடு.”

அது சொல்வதுபோல் எளிதல்ல. அவர் ஊரை மட்டும் எடுத்தால், அங்கே மட்டும் ஓட்டை தெரியும். எல்லார் ஊரையும் எடுக்க வேண்டும், தேடும் பகுதியிலிருந்து மட்டுமில்லாமல் கோப்பிலிருந்தும். தலைவரிடம் காரணத்தைச் சொல்ல முடியாது. நல்லவர்தான், ஆனால் அவர் காதில் விழுந்தது குழுவில் விழ அரை நாள் போதும். ஊர்ப் பெயர்களை மெஷின் கன்னாபின்னாவென்று படிக்கிறது, தப்பாக வந்தால் சண்டை வரும் என்றேன்.

“கோலாலம்பூர்ல வீடு வாங்குனவன்லாம் ஊரு போடலன்னா கோவிச்சுக்குவான்டா.”

“தப்பா போட்டா இன்னும் கோவிப்பாங்க தலைவரே.”

“அதுவும் சரிதான். எடுத்திடு லா. எனக்குத் திருவிழாவுக்கு வேல முடியணும்.”

நோட்டீஸில் ஊர் எப்போதும் வலது ஓரத்தில் தனியாக இருக்கும். ஒவ்வொரு பக்கமாக வலது ஓரத்தை வெட்டி, மறுபடி படிக்க வைத்து, பழைய கோப்புகளை அழித்துப் புதியவற்றை ஏற்றினேன். வேலை முழுவதும் ஒரே நினைப்பு. முழுப் பக்கத்தை யாராவது முன்பே தன் போனில் இறக்கிவைத்திருந்தால்?

திருவிழா அன்று தலைவர் மாலை போட்டுத் திறந்துவைத்தார். ஜனங்கள் கோயில் வாசலில் நின்றபடியே போனைத் தட்டினார்கள். யார் என்ன சொல்லைத் தேடினாலும் அது எனக்குப் பதிவாகும். அப்பாக்கள், தாத்தாக்கள், செத்துப்போன அண்ணன்கள். நடுவே அக்காவின் பெயர். மறுபடி அதே பெயர், தகப்பன் பெயரோடு. பிறகு பெயரோடு கோலா பிலா. பெயரோடு தம்பின். பெயரோடு பெடாஸ். தட்டுவது யார் என்று பதிவு சொல்லாது. சொல்லவும் தேவையில்லை. உறுமிச் சத்தத்திலிருந்து விலகி ஓடி, செம்பனைகளுக்கு நடுவே நின்று அக்காவை அழைத்து விவரம் சொன்னேன்.

“பெடாஸ்னு போட்டானா?” என்றார்.

“ஆமாக்கா.”

“என்னா வந்துச்சு?”

“ஒண்ணும் வரல. பேரு மட்டுந்தான்.”

“சரி தம்பி. நீ போயி சாப்புடு. அன்னதானம் ஆறிடும்” என்று வைத்துவிட்டார்.

அடுத்த வாரம் பெடாஸ் போனபோது கடையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். போன் எண் உயிரோடு இல்லை. பக்கத்துக் கடையில் விசாரிக்க வாயெடுத்தேன், பிறகு அடக்கிக்கொண்டேன். நான் கேட்கும் அதே கேள்வியை நாளை இன்னொருவன் வந்து கேட்பான். பதில் அங்கே இல்லாமல் இருப்பதே நல்லது.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்குப் பாயின் வேனில் அரிசி மூட்டை வந்தது. எங்கிருந்து என்று பாய் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒலிபெருக்கியில் வாசித்தவர் அக்காவின் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லிவிட்டு, ஊருக்காகச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லாததால் அடுத்தவருக்குப் போனார். அம்மனுக்குச் சொல்லாமல் விட்ட முதல் ஆண்டு இது.

நோட்டீஸை வெட்டி, படிக்க வைத்து, தளத்தில் ஏற்றினேன். சாயங்காலம் அவர் பெயரைத் தட்டினேன். பழைய வரிகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி. அக்கா உயிரோடு இருக்கிறார் என்பதற்கு எனக்குக் கிடைக்கிற ஒரே சேதி அதுதான். எங்கே, எப்படி, அந்தக் கையோடு யார் துணையில், எதுவும் தெரியாது. பதிவைத் திறந்து பார்த்தேன். எனக்கு முன்பே, அன்று மத்தியானம், யாரோ அந்தப் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.