தட்டிப் பார்க்காத கட்டை

பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு நோண்ட மாட்டார்கள். கிள்ளானில் என் கணவரும் நானும் விறகுக் கடை வைத்திருக்கிறோம். ஒருநாள் வந்து நின்று பாருங்கள், தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸில் பிரியாணி போடும் அண்ணனுக்கு ரப்பர் கட்டைதான் வேண்டும். வேறு மரம் ஒன்று கலந்துவிட்டாலும், சட்டி அடிப்பிடித்ததற்கு நான்தான் காரணம். பொங்கலுக்கு வரும் கொண்டோ அடுக்குமாடி அக்காமார்களுக்குப் புகையே வராத விறகு வேண்டும். கார் பார்க்கில் புகை வந்தால் மேனேஜ்மென்ட் திட்டுமாம். அப்படியானால் கேஸிலேயே பொங்குங்கள் என்றேன். அதற்கும் கோபம்.

எல்லோரும் செய்கிற வேலை ஒன்று உண்டு. இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் காய்ந்தது, தொப்பென்றால் ஈரம்.

அதிலும் எமகாதகர், பீட்சா கடை வைத்திருக்கும் சீன முதலாளி. பழமரக் கட்டைதான் எடுப்பார். ரம்புத்தான், இல்லாவிட்டால் மா. ஒவ்வொன்றாகத் தட்டுவார், முகர்ந்தும் பார்ப்பார். வாய்வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு நிற்பேன். சாப்பாட்டுக் கடைகள் கேஸுக்கு மாறிய பிறகு, மாதம் தவறாமல் லோரியோடு வருகிறவர் அவர் ஒருவர்தான். அவரும் போய்விட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

டெங்கில் பக்கம் சாலையை அகலப்படுத்த வெட்டிய பெரிய மாமரம் ஒன்று எங்களிடம் வந்தது. பிளந்து காயவைத்ததைத் தட்டிப் பார்த்த முதலாளி, மரம் முழுக்கத் தனக்கே என்று சொல்லிவிட்டுப் போனார். அடிமரத் துண்டு மட்டும் முரடென்று ஓரமாகக் கிடந்தது. அவர் எடுக்க வரும் நாள் காலையில் என் கணவர் அதையும் விறகு பிளக்கும் மெஷினில் ஏற்றினார். மெஷின் கிறீச்சென்று நின்றது. பட்டைக்குள் துருப்பிடித்த ஒரு சூலம். மரம் அதைச் சுற்றி வளர்ந்து விழுங்கியிருக்கிறது. பக்கத்தில் குங்குமக் கறையும் மஞ்சள் துணியின் நூலும்.

யாரோ கும்பிட்ட மரம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவர் அசரவில்லை. இந்தத் துண்டை மட்டும் ஒளித்து வைப்போம், சீனருக்கு என்ன தெரியப்போகிறது என்றார்.

"நீ வாயத் தொறக்காம இரு லா. அவரும் போயிட்டா நாம எங்க போறது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்த பீட்சா அடுப்பில் மாடும் வேகும், பன்றியும் வேகும். சாமி மரத்தையா அதில் எரிப்பது?

லோரி வந்தது. முதலாளி இரண்டு கட்டைகளைத் தட்டினார், கணீரென்றது, சிரித்தார். பாதி ஏற்றிய பிறகு என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டு, சூலத்தையும் காட்டினேன். என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலாளியின் முகம் வெளுத்தது. கையிலிருந்த கட்டையைத் தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோலக் கீழே வைத்தார். ஏற்றியதை எல்லாம் இறக்கச் சொன்னார். சீனர்களும் மரத்தடியில் டத்தோ என்று காவல் தெய்வம் வைத்துக் கும்பிடுகிறவர்கள்தானே. அது எனக்குத் தோன்றவே இல்லை. வெறும் லோரியோடு போய்விட்டார்.

அந்த மாதம் அவரிடமிருந்து போன் இல்லை. என் கணவரும் என்னோடு பேசவில்லை. உனக்கு எதற்குடி இந்த வாய் என்று என்னையே திட்டிக்கொண்டு, விறகு அடுக்குக்குப் பின்னால் போய் அழுதேன்.

பிறகு ஒரு காலையில் அதே லோரி வந்து நின்றது. இறங்கிய முதலாளியின் கையில் ஆரஞ்சுப் பழமும் ஊதுபத்தியும். அடிமரம் எங்கே என்று கேட்டார். அதன் முன்னால் பழத்தை வைத்து, பத்தி கொளுத்தி, கண்ணை மூடிக் கும்பிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"ஆன்டி, ரம்புத்தான் அடா?"

இருக்கிறதா என்று கேட்கிறார். இருக்கிறது என்றேன். ஒவ்வொன்றாகத் தட்டி, முகர்ந்து, பாதியை வேண்டாமென்று ஒதுக்கினார். அன்றைக்கு எனக்குக் கோபமே வரவில்லை.

பிளந்த மாங்கட்டையை எல்லாம் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்துவிட்டோம். அடிமரத்தைக் கடை வாசலில் வைத்திருக்கிறோம். பிரியாணி அண்ணன் வரும்போதெல்லாம் பூ வைக்கிறார். கொண்டோ அக்காமார்கள் என் விறகை ஆயிரம் குறை சொல்லிவிட்டு, போகும்போது அதைத் தொட்டுக் கும்பிட்டுப் போகிறார்கள். என் கடையில் யாரும் தட்டிப் பார்க்காத கட்டை அது ஒன்றுதான்.