சம்பந்தியின் ரப்பர் படகு

என் மகளின் மாமனாரை நான் பழிவாங்கினேன். இதை இப்படிப் பச்சையாகச் சொல்லக்கூடாது என்பது வீட்டில் உத்தரவு. "ஏதோ தெரியாம நடந்துபோச்சு" என்றுதான் சொல்ல வேண்டுமாம். தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை.

போடியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்கச் செம்புக் கம்பியோடும் வார்னிஷ் நாற்றத்தோடும் கிடப்பவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றால் கண்மாய்தான். குரங்கணிப் பக்கம் மலையிலிருந்து இறங்குகிற ஓடைதான் அதை நிறைக்கிறது. மீன்பாசியை, அதாவது மீன் பிடிக்கும் உரிமையை, குத்தகைக்கு எடுத்தவர் எங்கள் தெருக்காரர் என்பதால் ஞாயிறு மட்டும் தூண்டில்காரர்களை விடுவார். பரோட்டாக் கடை மாஸ்டர் ஒருவர், நான், இன்னும் சிலர் என்று கரை நெடுகத் தள்ளித் தள்ளி உட்காருவோம்.

அந்தக் கரைக்கென்று சில முறைகள் உண்டு. புதிதாக வருகிறவன் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவனைக் கேட்டுவிட்டுத்தான் தூண்டிலை வீசுவான். ஒருவனுக்குப் பெரிய மீன் மாட்டினால் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் தூண்டில் நரம்பைச் சுருட்டி வழிவிடுவார்கள். குத்தகைக்காரரின் பரிசல்காரர் தூரத்திலேயே குரல் கொடுப்பார்; நாங்கள் தூண்டிலைத் தூக்கிய பிறகுதான் துடுப்புப் போடுவார். இன்னொன்றும் உண்டு. ராத்திரியில் வலைபோட்டு மீன் திருடுகிறவர்களைத் தடுக்கக் கருவேல முள்ளை வெட்டிக் கல்லோடு கட்டித் தண்ணீருக்குள் இறக்கியிருப்பார்கள். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முள்கட்டு எங்கே கிடக்கிறது என்று புது ஆளுக்குச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம்.

சம்பந்திக்குப் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம். கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் ஒருநாள் எங்கள் வீட்டில் கட்லா மீன் குழம்பு சாப்பிட்டவர், அதை நானே பிடித்தேன் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறு ஞாயிறே ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் சக்கரம் வைத்த புதுத் தூண்டில், தலையில் தொப்பி, சட்டைப் பையில் பாட்டுப் பாடும் போன்.

நேராக வந்து என் இடத்தில் உட்கார்ந்தார். எழுந்து கொடுத்தேன். பெண்ணைக் கொடுத்தவன் எழாமல் இருக்க முடியுமா? என் தூண்டிலுக்குக் குறுக்கே வீசினார். இரண்டு நரம்பும் பின்னிக்கொண்டன. பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து என் நரம்பை அறுத்தார்.

"ஒங்க நரம்பு சாதா நரம்புதான சம்மந்தி."

"பரவால்ல சம்மந்தி" என்றேன்.

பரோட்டா மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தார்.

மழைக்காலம் முடிந்து கண்மாய் நிறைந்ததும் ரப்பர் படகு வந்தது. ஆரஞ்சு நிறம். ஜீப் டிரைவர் காலால் மிதித்து மிதித்துக் காற்றடிக்க, அது கொழுத்துக்கொண்டே போனது. அதில் ஏறி, கரையோரம் கிடந்த எல்லாத் தூண்டில் நரம்புகளின் மேலும் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார். பரிசல்காரர் எதிரே வந்து, "அண்ணே, தூண்டிலு கெடக்கு, ஒரு கொரல் குடுத்துட்டு வாங்க" என்றதற்கு, "கண்மாய் என்ன ஒங்கப்பன் வீட்டுதா?" என்று கேட்டார். பரிசல்காரர் பரிசலை ஒதுக்கிக்கொண்டார். நான் கூட்டி வந்த ஆள் என்பதால் என்னைத்தான் பார்த்தார்.

அதையும் பொறுத்தேன். மடைப்பக்கம் ஓரிடத்தில் வாராவாரம் தவிடும் புண்ணாக்கும் போட்டு ஒரு பெரிய கட்லாவைப் பழக்கி வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு அது இரையை எடுத்தது. கம்பு வில்லாய் வளைந்தது. கரையில் எல்லோரும் மடமடவென்று நரம்பைச் சுருட்டினார்கள். சம்பந்தி மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டே, "இழுங்க இழுங்க, நான் அள்ளிர்றேன்" என்று நேராக அதன் மேல் படகை விட்டார். துடுப்பு நரம்பில் பட்டது. கம்பு சட்டென்று நிமிர்ந்துகொண்டது. கை வெறுமையானது.

"போச்சா? சின்னதுதான், விடுங்க" என்றார்.

ஆனால் பழிவாங்க நினைத்தது அன்றைக்கு இல்லை. மகளுக்கு அவர்கள் வீட்டில் வளைகாப்பு நடந்தது. கை நிறைய வளையலோடு மகள் உட்கார்ந்திருக்கிறாள். பந்தியில் இரண்டு பக்கத்துச் சொந்தமும் சாப்பிடுகிறது. சம்பந்தி என் இலைக்கு முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எங்க சம்மந்திய நம்பித் தூண்டிலக் குடுத்துறாதீங்கப்பா. மீனு இழுத்தா இவருதான் மீனு பின்னாடி போவாரு. பொண்ணுக்குச் சீர் செய்யவே தெம்பில்லாத கையி, மீனப் பிடிக்கவும் தெம்பில்ல!"

பந்தியே சிரித்தது. மகள் தலையைக் குனிந்துகொண்டு வளையலைத் திருகினாள். நான் புளியோதரையைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த இலையை மூடும்போது முடிவு செய்துவிட்டேன்.

பிரசவத்துக்கு மகளைக் கூட்டிவந்த பிறகு, கோடை தொடங்கிக் கண்மாய் வற்ற ஆரம்பித்தது. தண்ணீர் குறைந்தால் திருட்டு வலை கூடும் என்று குத்தகைக்காரர் மேற்கு மூலையில் நாணலை ஒட்டிப் புதிதாக முள்கட்டுகளை இறக்கினார். இறக்கும்போது நானும் கூட நின்றேன். அங்கே இடுப்பளவுதான் ஆழம். கம்பை விட்டு நானே பார்த்துக்கொண்டேன். ஆளைக் கொல்லும் வெறி எனக்கு இல்லை. அவர் நனைந்தால் போதும், நாலு பேர் பார்த்தால் போதும்.

அந்த ஞாயிறு படகில் ஏறிக்கொண்டே கேட்டார். "பெரிய மீனு எங்கிட்டுக் கெடக்கு சம்மந்தி?"

"மேக்கு மூலையில, நாணல் ஓரம் கெடக்கும் சம்மந்தி."

பொய் இல்லை. முள்ளுக்குள்தான் பெரிய மீன் ஒதுங்கும். பரோட்டா மாஸ்டர், "அங்க..." என்று வாயெடுத்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தூண்டில் இரைக்கு மாவை உருட்டுவதில் மும்முரமானார்.

படகு நாணலை நெருங்கியது, நின்றது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புஸ்ஸென்ற சத்தம் கரைவரை கேட்டது.

"சம்மந்தி! வெள்ளம் கேறுது! வெள்ளம்!"

மலையிலேயே கிடந்து மலையாளம் ஒட்டிக்கொண்ட நாக்கு; அவருக்குத் தண்ணீர் என்றால் வெள்ளம். எதிர்க்கரையில் இருந்த பரிசல்காரர் மலையை அண்ணாந்து பார்த்தார்.

"வெள்ளமா? மழையே இல்லையே!"

"தண்ணியச் சொல்றாரு அண்ணே" என்று நான் கத்தினேன். "வாங்க, ஆனா பாத்து வாங்க, இங்கிட்டுப் பூராத் தூண்டிலு கெடக்கு."

பரிசல்காரருக்குப் புரிந்துவிட்டது. பரிசலைக் கரையோரமாகவே தள்ளிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஆளின் முன்னாலும் நிறுத்தி, "அண்ணே, தூண்டில எடுத்துக்கிறீகளா?" என்று கேட்டார். ஒவ்வொருவரும் அவசரமில்லாமல் நரம்பைச் சுருட்டி, கொக்கியைத் துடைத்து, கம்பைக் கரையில் சாய்த்து, "போங்கண்ணே" என்றோம். அவ்வளவு மரியாதையான காலையை அந்தக் கண்மாய் பார்த்திருக்காது. அந்தப் பக்கம் சம்பந்தி இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஓர் அடி நகர்ந்தால் முள் குத்தும், நின்றால் சேற்றில் கால் இறங்கும். படகு தோலாய் அவர் காலைச் சுற்றிக் கிடந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த போன் மட்டும் பாடிக்கொண்டிருந்தது.

பரிசல்காரர் பக்கத்தில் போய்த் துடுப்பை நிறுத்தினார்.

"வரலாமாண்ணே? எங்கப்பன் வீட்டுக் கண்மாய் இல்லையே, அதான் கேட்டுக்கிட்டு வர்றேன்."

"வாடா!" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "வாங்க" என்றார்.

கரையில் என் துண்டைக் கொடுத்தேன். பட்டறைக்குப் போட்டுப்போகிற சட்டை என்பதால் பையில் இடுக்கி இருந்தது. கீழே உட்கார்ந்து அவர் காலை என் மடியில் வைத்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தேன். "அசையாதீங்க சம்மந்தி, இந்தா இன்னொண்ணு இருக்கு" என்றேன். உண்மையிலேயே பதமாகத்தான் எடுத்தேன்.

அவர் என் தலையைப் பார்த்துக் கேட்டார். "அங்க முள்ளு கெடக்குன்னு ஒமக்குத் தெரியாதா?"

"தெரியும் சம்மந்தி. நீங்க மீனு எங்கன்னுதான கேட்டீக."

காலை இழுத்துக்கொண்டார். அந்தப் பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது. விளங்காமல் போயிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நாலு தோசை கூடச் சாப்பிட்டேன்.

மகள்தான் சாப்பாட்டைக் கெடுத்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்று, "திரும்ப அந்த வீட்டுக்குப் போகப்போறது நான்தானப்பா, நீங்க இல்லையே" என்றாள். அதை நான் யோசிக்கவே இல்லை. பட்டறையில் ஒரு வாரம் காயில் சுற்றின் எண்ணிக்கை தப்பித் தப்பிக் கட்டினேன்.

பேத்தி பிறந்ததும் பார்க்க வந்தார்கள். சம்பந்தி குழந்தையை வாங்கிக் கொஞ்சினார். என் பக்கம் திரும்பவில்லை. காப்பி கொடுத்தேன், வேண்டாமென்று கையை ஆட்டினார். அவர் மனைவி டம்ளரை வைக்கிற சாக்கில் அடுப்படிக்கு வந்து, என் மனைவியைத் தாண்டி, அங்கே நின்ற என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னும் ரெண்டு கட்டு முள்ளு சேத்துப் போடச் சொல்லிருக்கலாம் அண்ணே." முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த வீட்டில் அவர் எத்தனை பந்திகளுக்கு நடுவே தலைகுனிந்திருப்பார் என்று அப்போதுதான் தோன்றியது.

மகள் மலைக்குத் திரும்பிப் போய்விட்டாள். போன் பேசும்போதெல்லாம் அவள் என்ன சொல்கிறாள் என்பதைவிட அவள் குரலைத்தான் உற்றுக் கேட்கிறேன். "மாமா ஏதும் சொல்றாரா?" என்று கேட்டால், "எங்கிட்ட இப்பப் பேசுறதே கம்மிப்பா, நிம்மதியா இருக்கு" என்கிறாள். நேற்றும் அப்படித்தான் சொன்னாள். பிறகு பேத்தி குப்புற விழுந்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.