முதலில் சேரை நிமிர்த்து

டாக்டர் ரஹீமா போய்விட்டார் என்ற செய்தி எங்கள் பல் மருத்துவர் மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஸ்ரீரங்கத்தில் இப்போதுள்ள என் கிளினிக்கில், ஊசி போட்ட நோயாளிக்கு வாய் மரத்துப்போகட்டும் என்று காத்திருந்த நேரம். ‘கனிவின் வடிவம் மறைந்தது’ என்று செயலாளர் எழுதியிருந்தார். கனிவாம்! ரஹீமா மேடத்திடம் ஒருமுறை போனில் பேசிய எவருக்கும் சிரிப்பு வந்திருக்கும். எனக்கு எரிச்சல் வந்தது.

அவரை எனக்குப் பிடிக்காது. இதைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். கிராமங்களில் தனியாகக் கிளினிக் நடத்தும் புது டாக்டர்களுக்கு, திருச்சி பாலக்கரையில் இருந்தபடி போனிலேயே வழி சொல்லும் பொறுப்பை மன்றம் அவருக்குக் கொடுத்திருந்தது. வழி சொல்வதற்கு முன் ஒரு பாட்டம் வைவார்.

துறையூருக்கு அப்பால், பச்சைமலை அடிவாரத்தில் நான் கிளினிக் போட்ட முதல் வருடம். தாடைக்கடியில் வீங்கிப்போன கணவரை ஒரு பெண் கூட்டி வந்தார். கடைவாய்ப் பல்லில் சீழ். அவர் உட்கார்ந்த சேரைப் படுக்கைவாட்டில் சாய்த்து, வாய்க்குள் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பிவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு அழைத்தேன்.

“படமெல்லாம் இருக்கட்டும். அவரப் பேசச் சொல்லு.”

அவர் தன் பெயரைச் சொன்னார். சுடுசோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுவதுபோலக் குழறியது. எச்சில் விழுங்க முடிகிறதா என்று மேடம் கேட்டார். முடியவில்லை.

“தம்பி, சேரைச் சாய்ச்சா வெச்சிருக்க? மொதல்ல நிமித்து. வீக்கம் நாக்குக்கு அடியில போயிடுச்சு, மூச்சு அடைச்சுக்கும். பல்லப் பாக்கத் தெரியுது, ஆளப் பாக்கத் தெரியலையே. ஆம்புலன்ஸக் கூப்பிடு.”

அவரை உட்கார வைத்தபடியே திருச்சிக்கு ஏற்றிப்போகும்வரை மேடம் போனை வைக்கவில்லை. அங்கே சர்ஜனையும் அவரே தயாராக நிறுத்தியிருந்தார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற மனைவி அதற்குப் பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. ஊரிலும் பாதிப் பேர் வரவில்லை. மேடத்தை அழைத்துச் சண்டை போட்டேன். “கோபமா இருக்கா? இருக்கட்டும். கோபம் இருக்கறவரைக்கும் மறக்க மாட்ட” என்றார். வருத்தம் தெரிவிக்கும் பழக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது.

பிறகு புத்தூரில் மன்றக் கூட்டம். நோயாளி காதுபடத் திட்டுகிறார், தொழிலின் மானம் போகிறது என்று அவர்மேல் புகார். செயலாளர் என்னிடமும் கையெழுத்துக் கேட்டு வந்தார். திட்டு வாங்கியவன் நான், வலி உங்களுக்கா என்று கேட்டு அனுப்பிவிட்டேன். மேடத்தை நீக்கிவிட்டு ஒரு ஆப் கொண்டுவந்தார்கள். படத்தை அதில் போட்டால் மாலைக்குள் மரியாதையாகப் பதில் வருமாம். மூச்சு அடைக்கிறவன் அதுவரை மரியாதையாகக் காத்திருப்பான் போலிருக்கிறது! புது டாக்டர்கள் மேடத்தின் சொந்த நம்பருக்கே அழைத்தார்கள். அவரும் வைதுகொண்டே எடுத்தார்.

துக்கம் விசாரிக்கப் பாலக்கரைக்குப் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. மேடத்தின் கணவர் பக்கத்தில் செயலாளர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் மேடத்தின் போன் அடித்தது.

“காலையிலேர்ந்து புது டாக்டருங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. மவுத்தாயிட்டாங்கன்னு சொன்னா அழுவுறாங்க. நான் என்னங்க பண்றது?” என்று கணவர் போனைச் செயலாளரிடம் நீட்டினார். ஆப்பில் போடச் சொல்லுங்கள் என்றார் செயலாளர். நான் பிடுங்கிக்கொண்டேன்.

மணப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் டாக்டர். தாடை வீங்கிய ஒருவர் வந்திருக்கிறார், படம் அனுப்பியிருக்கிறேன் மேடம் என்று ஆரம்பித்தார்.

“மேடம் இல்லம்மா. படம் வேணாம். மொதல்ல சேரை நிமித்து. அவரப் பேசச் சொல்லு.”

நல்லவேளை, நோயாளியின் குரல் தெளிவாக இருந்தது. செய்ய வேண்டியதைச் சொல்லி, படத்தை மட்டும் பார்த்து வைத்தியம் செய்யாதே என்று நன்றாகத் திட்டிவிட்டு வைத்தேன். துக்க வீட்டில் இப்படியா என்பதுபோலச் செயலாளர் முறைத்தார். கனிவை அவரே வைத்துக்கொள்ளட்டும். மேடத்திடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கோபம். இன்றுவரை ஆறவில்லை, ஆறவும் விடமாட்டேன்.

போனும் என்னிடம்தான் இருக்கிறது. கணவர் திருப்பிக் கேட்கவில்லை. புது டாக்டர்களே, நம்பர் உங்களுக்குத் தெரியும். கூப்பிடுங்கள், திட்டு விழும்.