முத்துக்குளிப்பவனின் நடுக்கம்

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகைப் புத்தகக் கடை இருந்தது. இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அங்கிருந்த சாகசக் கதைகளை ஒன்று விடாமல் படித்துத் தீர்த்தவள் நான். கணவர் வளைகுடாவில், உம்மா வீட்டில் இருந்த எனக்கு வேறு போக்கிடம் இல்லை. என் கதாநாயகர்களுக்குப் பாம்பும் ஒன்றுதான், பள்ளத்தாக்கும் ஒன்றுதான். பயமெல்லாம் வில்லனின் அடியாட்களுக்குத்தான் வரும்.

அதனால் அந்த முத்துக்குளிப்பவன் கதை எனக்குப் பிடிக்கவே இல்லை. பத்துத் தடவை கடலில் இறங்கியவன், பதினோராவது தடவையும் படகின் ஓரத்தில் விரல் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். மூச்சு பாதியில் நிற்கிறது. இடுப்புக் கயிற்றின் முடிச்சைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறான். இவனெல்லாம் ஒரு கதாநாயகனா என்று தம்பியிடம் படித்துக் காட்டிச் சிரித்துவிட்டுப் பாதியிலேயே மூடினேன். தம்பி சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான்.

அவனுக்கு அப்போது துபாய் விசா வந்திருந்தது. எங்கள் பக்கம் வெளிநாடு போகிறவர் சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்ல வேண்டும். அவர்களும் தேநீர் கொடுத்து, நல்லபடியாகப் போய்வர துஆ செய்து அனுப்புவார்கள். தம்பி எல்லா வீட்டிலும் சொல்லி முடித்துவிட்டான். புறப்பட நான்கு நாள் இருக்கும்போது என்னிடம் வந்தான்.

“லாத்தா, அந்தக் கதையில வர்றவனுக்கு ஆவுற மாதிரியே எனக்கும் ஆவுது. விசா வந்ததுலேர்ந்து இப்படித்தான். மூச்சே விட முடியல. ஒரு ரெண்டு மாசம் தள்ளிப் போடலாம்னு உம்மாட்ட பேசுங்களேன்.”

“கதையப் படிச்சிட்டு இல்லாத சீக்கையெல்லாம் இழுத்து விட்டுக்காதே. ஊரெல்லாம் பயணம் சொல்லியாச்சு. இனி போவலன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் தெருவுல நடக்குறது?”

நான் உம்மாவிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நாலாம் நாள் அவன் போய்விட்டான்.

மூன்றாம் மாதம் வேலை கொடுத்தவர்களே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை பார்த்த கட்டடத்தின் லிஃப்டுக்குள் கால் வைக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவானாம். கூட்டி வந்த ஊர்க்காரர் சொன்னார். பாதி உடம்பாக வந்து நின்றவனைப் பார்த்து உம்மா கண்ணேறு என்று அழுதார், ஓதிப் பார்க்க ஆள் தேடினார். என்னவென்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

மறுநாள் அந்தக் கடைக்குப் போய் அதே புத்தகத்தை எடுத்து வந்து மிச்சத்தையும் படித்தேன். அவனுடைய நடுக்கம் கடைசி வரை தீரவே இல்லை. ஆனால் படகில் கயிறு பிடிக்கிறவனிடம் அவன் அதைச் சொல்லிவிடுகிறான். கயிறு பிடிக்கிறவன் சிரிக்கவில்லை. இன்றைக்கு வேண்டாமென்றால் வேண்டாம் என்று படகைத் திருப்புகிறான். இதைப் படித்துவிட்டுத்தான் தம்பி என்னிடம் வந்திருக்கிறான். வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். சோற்றில் கை வைத்தபடி அவன் விரல்கள் நடுங்கும்போது இன்றும் கேட்கிறேன்.

“என்னப்பா செய்யுது? எங்கிட்ட சொல்லேன்.”

“ஒண்ணுமில்ல லாத்தா. நல்லாத்தான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க.”