குச்சிக்கும் குச்சிக்கும் நடுவே

ஏலப்பாறையில் நாங்கள் தங்கிய விடுதியின் பணியாளர் மாலத்தீவில் பல வருஷம் வேலை பார்த்தவர். உப்புக் காற்று அவர் புருவத்தைக்கூட வெளுக்க வைத்திருந்தது. அடுத்து அங்கே போகும் ஆசையில் அவரிடம் தீவுகளைப் பற்றிக் கேட்டேன்.

"கழுத்தளவு தண்ணியில நின்னாலும் கால்விரல் தெரியும் சார். ஆனா ஏறி நிக்க ஒரு மேடு கிடையாது. கடல் எவ்வளவு மணலைத் தின்னுச்சுன்னு பாக்க, தினமும் கரையில குச்சி அடிப்போம்."

"அதான் மலைக்கே திரும்பிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. மூன்று நாளாக விடாத மழை. தினமும் விடிந்ததும் அவர் விடுதிக்குப் பின்னால் போவார். மறுநாள் காலை நானும் கூடப் போனேன். தேயிலைச் சரிவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. அதன் இருபுறமும் குச்சி அடித்து, நடுவே நூல் கட்டியிருந்தார். வெடிப்புக்குக் கீழே எங்கள் விடுதி. அதற்கும் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம்; அவர் குடும்பம் இருப்பது அங்கேதான்.

"நல்லா இழுத்துக் கட்டியிருக்கீங்க" என்றேன்.

"தொய்வாத்தான் கட்டினேன் சார். நேத்து சாயந்தரம்."

அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டோம். எங்கள் பெட்டிகளை அவரே காரில் ஏற்றினார். அவர் வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்களா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.