குவைத் தெருவில் எருமைகள்

எங்க வீடு பானிபட் தெருவுல. சிரிக்கிறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சிடுங்க. 1984-ல மாடம்பாக்கத்துல மனை வாங்கினப்போ எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் விலைதான் கண்ணுல பட்டுச்சு, தெருப் பேரு படல. ஆபீஸ்ல அட்ரஸ் சொன்னா, "ஜெயிச்சது யாரு கிருபா மேடம்?"னு கேப்பாங்க. பத்திக்கிட்டு வரும்.

எல்லாத்துக்கும் காரணம் தனக்கோடி அண்ணன். நெல்லு விளைஞ்ச நிலத்தை மனை போட்டு வித்தவர். மூர் மார்க்கெட்டுல எடைக்கு வாங்கின உலக சரித்திரப் புஸ்தகம் ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு, தலையணை சைஸுக்கு. மத்தவங்கல்லாம் லட்சுமி நகர், பாலாஜி நகர்னு பேரு வச்சிட்டுப் பொழப்பைப் பாக்கப் போனாங்க. இவரு 'உலக சரித்திர நகர்'னு வளைவே கட்டினாரு. உள்ளே நுழைஞ்சதும் யவனர் தெரு, மிளகு வாங்க வந்தவங்களாம். அப்புறம் பட்டுப்பாதைத் தெரு, செங்கிஸ்கான் தெரு, வாஸ்கோடகாமா தெரு, எங்க பானிபட். செங்கிஸ்கான் தெருவுல குடிவந்தவர் ஒரு ஹோமியோபதி டாக்டர், பாவம். கடைசியா ஏரியை ஒட்டி பாக்தாத் தெருவும் குவைத் தெருவும். "இப்போ உலகமே எண்ணெயிலதாம்மா ஓடுது"ன்னு எனக்கு விளக்கம் வேற.

இதுல பெரிய அநியாயம் என்னன்னா, நிலம் அவரோடதே இல்ல. அவர் மனைவி அங்காளம்மா அக்காவுக்கு அவங்கப்பா முனிரத்தினம் குடுத்த நிலம். பேரெல்லாம் எழுதிகினு இருந்தப்போ அக்கா கேட்டிருக்காங்க: "இன்னாய்யா, இத்தனி தெரு கீது. ஒண்ணுக்கு என் பேர வையேன்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாராம். "சரித்திரத்துல எடம் வேணும்னா ஒண்ணு கப்பல்ல வியாபாரம் பண்ணணும், இல்ல சண்ட போடணும். நீ இன்னா பண்ண?"

அக்கா ரெண்டு வாரம் குழம்புல உப்பு போடல. ஆனா அந்த ஆசை மட்டும் போகவே இல்ல. ஒவ்வொரு தெருப் போர்டையும் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்குவாங்க, நானே பாத்திருக்கேன்.

தொண்ணூறாம் வருஷம் ஆகஸ்ட் மாசம் ஈராக் படை குவைத்துக்குள்ள புகுந்துச்சு. சத்தியமா நான் கதை விடல, அதே மாசம் பாக்தாத் தெரு யக்ஞநாராயணன் சார் தன் வீட்டுப் பின்பக்கச் சுவரை நாலடி தள்ளி, குவைத் தெருவுக்குள்ள கட்ட ஆரம்பிச்சாரு. பேங்க் ஆபீசர், படிச்ச மனுஷன்! சுவர் எழும்பிட்டா குவைத் தெருவுக்குள்ள தண்ணி லாரி நுழைய முடியாது.

குவைத் தெருக்காரங்க தனக்கோடி அண்ணன்கிட்ட ஓடினாங்க. அவருக்குத் தலைகால் புரியல. கவலையில இல்ல, சந்தோஷத்துல! "சரித்திரம் நம்ம வாசலுக்கே வந்துகினு கீது!"ன்னு தன் வீட்டு வராந்தாவுல சமாதான மாநாடு கூட்டினாரு. முதல் உலகப் போர், வெர்சாய் ஒப்பந்தம், ஐ.நா. சபைன்னு மூச்சுவிடாம பேசினாரு. யக்ஞநாராயணன் சார் வடையெல்லாம் சாப்பிட்டு, "ரொம்ப நன்னா சொன்னேள்"னு கையைத் துடைச்சிட்டுப் போனாரு. மறுநாள் காலையில மேஸ்திரி வந்து இறங்கியாச்சு.

வந்து பார்த்தா அஸ்திவாரப் பள்ளத்துல அங்காளம்மா அக்காவோட ரெண்டு எருமை நிக்குது. கழுத்துக் கயிறு அக்கா கையில. பள்ளத்து விளிம்புல காலைத் தொங்கப்போட்டு வெத்தலை மென்னுகினு உக்காந்திருக்காங்க.

யக்ஞநாராயணன் சார் ஓடி வந்தாரு. "என்னம்மா இது அக்கிரமம்? மாட்டை ஓட்டிண்டு போங்கோ!"

"தெருவுக்குன்னு எங்கப்பா நெலத்துல வுட்ட எடம் இது. எங்க மாடு நிக்குது. உனக்கு இன்னா பேஜாரு?"

போலீசுக்குப் போவேன்னாரு. "போயேன், நானும் வரேன்"னாங்க. எருமைங்க வேற பள்ளத்தை நாறடிச்சிடுச்சு. மேஸ்திரி மூக்கைப் பொத்திகினு வேற வேலைக்குக் கிளம்பிட்டான். மூணாம் நாள் சார் பள்ளத்தை மூடிட்டாரு. உலகத்துல அந்தப் பிரச்சனை தீர மறு வருஷம் ஆச்சு.

தனக்கோடி அண்ணன் நெகிழ்ந்துபோயிட்டாரு. தன் கையாலேயே குவைத் தெருப் போர்டை அழிச்சிட்டு 'அங்காளம்மாள் தெரு'ன்னு எழுதினாரு. நாங்கல்லாம் கைதட்டினோம். அக்கா மட்டும் தட்டல.

"சண்ட போட்டதுக்குப் பேரு. அம்மாம் நெலத்தயும் தூக்கிக் குடுத்தனே, அதுக்கு ஒண்ணும் இல்ல. அழிய்யா அத்த."

அண்ணன் முகம் செத்துப்போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வளைவுல ஏணியைச் சாத்தி ஏறினாரு. 'உலக சரித்திர நகர்' போய் 'த. அங்காளம்மாள் நகர்' வந்துச்சு. எல்லாரும் அட்ரஸ் மாத்தணுமேன்னு நான் முணுமுணுத்தேன், ஆனா உள்ளுக்குள்ள சந்தோஷம்.

அக்கா எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. "இந்த 'த' யாரு?"

"நான்தான். புருஷன் இனிஷியல்."

"நெலம் நீயா குடுத்த?"

ஏணி மேல நின்ன மனுஷன் திரும்பி அந்த 'த'வைப் பாத்தாரு. கல்யாணம் ஆன நாள்லேருந்து ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட், எல்லாத்துலயும் அக்காவுக்கு 'த'தான். எனக்கும் என் வீட்டுக்காரர் எழுத்துதான். ஏன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல.

"எங்கப்பா எழுத்து போடு. 'மு'."

அண்ணன் பிரஷ்ஷைத் தோய்ச்சாரு. 'மு' வந்துச்சு. பெயிண்ட் காயறவரைக்கும் அக்கா அந்த வெயில்ல நகரவே இல்ல. முந்தானையை வாயில அடைச்சிகினு அழுதாங்க. எனக்கும் அழுகை வந்துடுச்சு.