மேகமலைக்கு ஏறிப்போன வயிற்றெரிச்சல்

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேகமலைக்குப் போனதற்குக் காரணம் இயற்கை அழகு இல்லை. பொறாமை. உத்தமபாளையத்தில் என்னோடு படித்த அப்பாஸ் கம்பெனி வேலையாக மூன்று மாதம் அமெரிக்கா போனான். லூசியானாவில் அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து பிளாக்கில் எழுதினான். நான் ஒன்பது வருஷமாக எழுதுகிறேன், ஆறு கமெண்ட் வந்தாலே அதிகம். அவனுடைய முதல் பதிவுக்கே இருநூறு! என் மனைவி அதைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் இப்பிடி எழுதுனா என்ன?" என்றாள். அன்றிலிருந்து அப்பாஸிடம் நான் பேசவில்லை. நம்ம பக்கமும் எஸ்டேட் இருக்கிறது, அங்கேயும் கொடுமை கிடைக்காமலா போகும் என்று கிளம்பிவிட்டேன்.

தேனியிலிருந்து சின்னமனூர் 25 கி.மீ. அங்கிருந்து மேலே சுமார் 40 கி.மீ., பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகள். தேனியில் காலை 6.15 பஸ், டிக்கெட் 55 ரூபாய். வனத்துறை செக்போஸ்டில் பத்து நிமிஷம் நின்று, ஒன்பது மணிக்கு இறங்கினேன். ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், நான் எடுக்காமல் போய் நடுங்கினேன்.

டீக்கடை பெஞ்சில் செல்லத்தாயி என்று ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிறவர். டீ சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன்.

"இங்கன கங்காணிக அடிப்பாகளாமே அக்கா?"

"எங்க மாமனார் காலத்துல அடி உண்டும்பாக. என்னைய யாரும் கை வச்சதில்ல தம்பி. எடை கொறஞ்சா வைவாக, அம்புட்டுதான்." என்னை உற்றுப் பார்த்தார். "ஏன் மொகம் சுண்டிப்போச்சு? நான் அடி வாங்கியிருக்கணுமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மழுப்பத் தெரியாமல் அப்பாஸ் பதிவைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். "அப்பிடி என்னதான் எழுதியிருக்காக? வாசிங்க" என்றார்.

போனில் சேமித்து வைத்திருந்ததை வாசித்தேன். கரும்பு ஆட்டும் மாதங்களில் இரவு பகலாக வேலை. கொதிக்கும் பாகு தெறித்து வெந்த உடம்போடு மறுபடி அதே கொப்பரை முன்னால் நிற்க வேண்டும். ஓடிப்போய்ப் பிடிபட்டால் முதுகுத் தோல் உரியச் சவுக்கடி, கழுத்தில் மணி கட்டிய இரும்பு வளையம். பெற்று ஒரு மாதத்தில் வயலுக்கு வந்த ஒரு தாய், குழந்தையைக் குடிசையில் விட்டுப் போவாள். ஒருநாள் பொழுது சாய்ந்து திரும்பியபோது குழந்தை இல்லை. முதலாளி விற்றுவிட்டான்.

அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டார். "எம்மகளயும் ஒரு மாசத்துல தொட்டில்ல போட்டுட்டு வேலைக்குப் போனேன். பாலு கட்டி மாரு வலிக்கும், மேட்டுல நின்னு அழுவேன். ஆனா சாயங்காலம் ஓடிப்போயி எடுத்துக்கிட்டேன்ல... அந்த ஆத்தா பேரு என்ன?"

பதிவில் பேர் இல்லை. அப்பாஸ் கோட்டை விட்டுவிட்டான்! ஒரு நிமிஷம் எனக்குக் குளுகுளு என்று இருந்தது. அடுத்த நிமிஷம் அசிங்கமாகவும் இருந்தது. பஸ் ஸ்டாப்பில் மட்டும்தான் சிக்னல். அக்காவும் கூடவே வர, அங்கே போய் ஸ்பீக்கர் போட்டு அப்பாஸைக் கூப்பிட்டேன்.

"மாப்ள, நீ பேசுறியா?" என்றான். விஷயத்தைச் சொன்னேன். "அங்கன செவுத்துல எழுதியிருந்துச்சுடா. எழுதணும்னு தோணவே இல்ல. இரு, போட்டோவப் பாக்குறேன்... நான்சி."

"எங்க லைன் வீட்டுலயும் ஒரு நான்சி இருக்கா" என்றார் அக்கா. பிறகு, "அந்தப் புள்ள?"

அப்பாஸுக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டத்துக்கு மெயில் அனுப்பிக் கேட்கிறேன் என்றான்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் மதியம் 2.30, விட்டால் ஜீப்புக்கு 2,000 ரூபாய் கேட்பார்கள். அட்டைப்பூச்சிக்கு உப்பு கொண்டு போங்கள். தொழிலாளர்களிடம் பேசுங்கள், ஆனால் உங்களுக்கு வேண்டிய பதிலை மனசில் வைத்துக்கொண்டு கேட்காதீர்கள்.

அப்பாஸ் பதிவில் நான்சியின் பேரைச் சேர்த்துவிட்டான். கமெண்ட் முந்நூறைத் தாண்டிவிட்டது, எனக்கு இன்னும் வயிறு எரியத்தான் செய்கிறது. நேற்று மெயிலுக்குப் பதில் வந்தது. விற்றது வரைக்கும்தான் தகவல் இருக்கிறதாம், குழந்தை எங்கே போனது என்று யாருக்கும் தெரியாதாம். அக்காவிடம் போன் கிடையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் அப்பாஸும் மேலே போகிறோம். யார் அதை அக்காவிடம் சொல்வது என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.